சரசா மாமியின் கிட்டாரும் செல்லதுரை வீட்டுக் கன்றுக்குட்டியும்

நீடாமங்கலம்
வைகாசிக் கடைசி, உச்சி வெயில்

சிரஞ்சீவி விஸ்வாவுக்கு உன் நாணு மாமா அநேக ஆசீர்வாதம். வழக்கமாக இதற்கடுத்து 'இவ்விடம் அனைவரும் க்ஷேமம்' என்று ஒரு வரி வரும். இந்தத் தடவை அந்த வரியை நீ எதிர்பார்க்க வேண்டாம். பெங்களூரில் நீ க்ஷேமமாகத்தான் இருப்பாய். அடுத்தவன் வீட்டில் ஒரு பேயைக் கட்டிப்போட்டுவிட்டு ரயிலேறிப் போனவனுக்கு க்ஷேமத்துக்கு என்ன குறைச்சல்?

போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ 'மாமா, மீட்டிங்ல இருக்கேன்' என்கிறாய். கடிதத்திடம் அந்தச் சமாதானம் செல்லாது. ஆகவே உட்கார்ந்து முழுக்கப் படி.

இப்போது நான் சொல்லப்போவதை நீ நம்பமாட்டாய். உன் அம்மா நம்பமாட்டாள். அவள் என் கூடப் பிறந்தவள், நான் பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்தே என்னை நம்பினதில்லை. 'வண்டி இதோ வந்துண்டே இருக்கு' என்று நீடாமங்கலம் ஜங்ஷனில் ஆயுசு முழுக்கச் சொல்லி ஜனங்களை நம்பவைத்த ஸ்டேஷன் மாஸ்டர் நான். அந்த நானே இந்தக் கதையை நம்பவில்லை. ஆனாலும் கேள், கேட்டுவிட்டு வெட்கப்படு.

பொங்கலுக்கு வந்தாய். உன் மாமி பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறாளே, அவளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றியது. நல்ல எண்ணந்தான். ஒரு புடவை கொடுத்திருக்கலாம், ஒரு குக்கர் கொடுத்திருக்கலாம். நீ போய் 'மாமி, உங்களுக்கு என்ன வேணும்' என்று கேட்டாய். யாராவது பெண்களிடம் அப்படிக் கேட்பார்களா? நான் ஒரு நாளும் கேட்டதில்லை, நிம்மதியாக இருந்தேன். அவள் 'சின்ன வயசிலேர்ந்து கிட்டார்னா எனக்கு ரொம்ப ஆசைடா' என்றாள். நான் கையில் வைத்திருந்த காபி டம்ளர் தானாகவே கீழே இறங்கிற்று. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இவள் என்னிடம் வத்தக்குழம்புக்கு சுண்டைக்காய் தீர்ந்துபோன சேதி சொல்லியிருக்கிறாள், கிட்டார் சேதி சொன்னதில்லை. நீயோ உனக்கென்று புதுசாக ஒன்று வாங்கிக்கொண்டு, பழைய எலெக்ட்ரிக் கிட்டாரையும் ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயரையும் மாமி தலையில் கட்டிவிட்டாய். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான். வைகாசி வரைக்கும் விடாமல் கற்றுக்கொண்டு, ஐந்தாறு பாட்டு பிசகில்லாமல் வாசிக்கிறாள். அதில் நான் குறை சொல்லவில்லை. குறையெல்லாம் உன் கிட்டாரின் காதில்.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் உன் குற்றத்தை நீயே கேட்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அந்தக் கிட்டாருக்கு இரண்டு காது. ஒன்று காந்தக் காது, கம்பியை மட்டும் கேட்கும், மரியாதை தெரிந்தது. இன்னொன்று பீசோ என்கிறாயே அது. கம்பி உட்காரும் கட்டைக்கு அடியில் பொடிப் பொடியாகச் சில்லு. கட்டையில் எது அதிர்ந்தாலும், கம்பியோ நகமோ மூச்சோ, பேதம் பார்க்காமல் எல்லாவற்றையும் கரண்டாக்கி ஆம்ப்ளிஃபயரிடம் கோள் சொல்லிவிடும். காந்தத்துக்கு மாற்றுகிற ஸ்விட்சை நீ முன்னாடியே உடைத்துவிட்டிருந்தாய், அதைச் சொல்லாமல் கொடுத்தாய். ஆக மாமிக்கு வாய்த்தது கோள்மூட்டி மட்டும்.

இதில் என்ன போயிற்று என்கிறாயா? நம்ம ஊர் ஜெக்கரியாவை உனக்குத் தெரியும், இன்னிசைக் குழு வைத்திருக்கிறானே, மாமியிடம் பௌதிகம் படித்தவன், படித்தான் என்பதைவிட வகுப்புக்கு வெளியே நின்றவன் என்பது பொருத்தம். அவனுடைய கிட்டார்காரன் துபாய்க்குப் போய்விட்டான். ஆனித் திருவிழாவில் மாரியம்மன் கோயில் மேடையில் கச்சேரி. 'டீச்சர், நீங்க வாசிக்கிறதா கேள்விப்பட்டேன், ஞாயித்துக்கிழம வந்து கேக்கறேன், சரியா இருந்தா மேடை உங்களுக்கு' என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு மாமி ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். நான் சொட்டு விடாமல் குடித்தேன். அவள் முகம் அப்படி இருந்தது.

அந்த நேரம் பார்த்து உன் கிட்டார் முனக ஆரம்பித்தது. ஆம்ப்ளிஃபயரைப் போட்டால் போதும், 'ங்ங்ங்' என்று ஒரு சத்தம். நடுநடுவே யாரோ முறுக்கு கடிப்பதுபோல் 'கர்ர்ர் கரக்'. நான் மிகைப்படுத்துவதாக நினைக்காதே. மன்னார்குடியில் ஒருத்தர் காதில் வண்டு புகுந்துவிட்டதென்று டாக்டரிடம் போனாராம். டாக்டர் தன் காதிலும் அதே வண்டு இருப்பதாகச் சொல்லி அழுதாராம். திருப்பனந்தாளில் ஒரு கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் ஒத்துக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு எங்கள் வீட்டு 'ங்ங்ங்'கையே ஸ்ருதியாக வைத்துக்கொண்டு முகூர்த்தத்தை முடித்தாராம். மாமி உனக்குப் போன் பண்ணினாள். நீயும் வைத்தியம் சொன்னாய். உன் வைத்தியத்தின் லட்சணத்தை இனிக் கேள்.

முதலில் நகை. மாமியின் வளையல் கட்டையில் பட்டால் பாத்திரக்கடை சரிந்தமாதிரி கேட்டது, திருமாங்கல்யச் சரடு ஆடி மோதினால் தவில் வாசித்தமாதிரி. அதைக் கேட்ட நீ, 'மாமி, எல்லாத்தையும் கழட்டி வெச்சுட்டு வாசிங்கோ' என்றாய். உன் மாமி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் உயிரோடு எதிரில் உட்கார்ந்திருந்தேன். 'கழட்ட முடியாதேடா, இவர் இருக்காரே' என்றாள். அதைப் பெருமையாகச் சொன்னாளா வருத்தமாகச் சொன்னாளா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கடைசியில் என் நல்ல எட்டு முழ வேஷ்டி ஒன்று கிழிபட்டு வளையலெல்லாம் பேண்டேஜ் போட்டுக்கொண்டன. சரடைப் புடவைக்குள் செருகிக்கொண்டாள். பாத்திரக்கடை மூடிற்று, தவில் நின்றது. 'ங்ங்ங்' அப்படியே இருந்தது.

அடுத்தது பேட்டரி. கிட்டாரின் வயிற்றுக்குள் ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது, அது செத்திருக்கும் என்றாய். அந்தச் சதுரப் பேட்டரி இந்த ஊரில் கிடைக்கவில்லை. வழியெல்லாம் கேட்டுக்கொண்டே பட்டுக்கோட்டை வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன். தேங்காய் மண்டிக்குப் பக்கத்தில் ஒரு கடை. 'எதுக்குப் பெரியவரே?' என்றான். 'என் சம்சாரத்துக்கு' என்றேன். காது மிஷினுக்கு என்று எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது, 'கவலப்படாதீங்க, சத்தம் போட்டுப் பேசினா கேக்கும்' என்று தைரியம் சொன்னான். வந்து மாட்டினேன். புது பேட்டரி போட்டதும் 'ங்ங்ங்' தெம்பாகக் கேட்டது.

பிறகு கேபிள் மாற்றச் சொன்னாய், மாற்றினோம். கம்பிக் கட்டைக்கு அடியில் இடைவெளி இருந்தால் மெல்லிசாக எதையாவது வைக்கச் சொன்னாய். நம்ம குடும்பத்தில் எந்த ரிப்பேருக்கும் கல்யாணப் பத்திரிகை அட்டைதானே? உன் தங்கை ஸ்ரீரஞ்சனியின் பத்திரிகையில் ஒரு துண்டு வெட்டி, தையல் மிஷின் திருப்புளியால் கட்டையைத் தூக்கி அடியில் கொடுத்தேன். பிள்ளை வீட்டார் பெயர் அச்சடித்த பக்கமோ என்னவோ, அதற்கு மேலிருந்த ஒரு கம்பி மற்ற ஐந்தையும் அடக்கிக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டது. அட்டையை எடுத்துத் தூரப்போட்டேன்.

இதில் எனக்குப் பைத்தியம் பிடித்தது எதனால் என்றால், சில வேளைகளில் சத்தம் தானாக நின்றுவிடும். காரணம் கிடையாது, சொல்லிக்கொள்வது கிடையாது. திடீரென்று பளிங்கு மாதிரி சுத்தமாகக் கேட்கும். மாமி கண்ணில் ஜலம் வைத்துக்கொண்டு வாசிப்பாள். 'சரியாயிடுத்து' என்று நான் உனக்குப் போன் போடுவேன், நீ மீட்டிங்கில் இருப்பாய். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் 'ங்ங்ங்' வந்துவிடும்.

சனிக்கிழமை என் பொறுமை தீர்ந்தது. நேரே கொல்லைப்பக்கம் போனேன். அடுத்த வீட்டு செல்லதுரை அங்கேதான் எங்கள் வேப்பமர நிழலில் தன் கன்றுக்குட்டிக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். செவ்வந்தி என்று பெயர். பொங்கலிலிருந்து அதற்கு எங்கள் கொல்லைதான் ஜாகை. 'ஓய் செல்லதுரை, உம்ம வயல் மோட்டாரை நிறுத்தும், உம்மால என் வீட்டுக் கச்சேரி கெடறது' என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'சார், வாய்க்காலு வெடிச்சுக் கெடக்கு. மேட்டூரு தொறக்கல. போருல காத்துதான் வருது. மோட்டாரு மேல தங்கம்மா துணி காயப்போட்டிருக்கா, வேணும்னா வந்து பாத்துட்டுத் திட்டுங்க' என்றார். நியாயமான பதில். எனக்கு நியாயமான பதிலைக் கேட்டால் கோபம் இரட்டிப்பாகும் என்பது உனக்குத் தெரியும். 'அப்போ இந்தக் கன்றுக்குட்டியை ஓட்டிண்டு போம், வித்வாம்சினி இருக்கிற ஆத்துல இதுவேற மா மான்னு' என்று கத்தினேன். செல்லதுரை கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டார். அவர் சம்சாரம் தங்கம்மாள் வந்தாள், கயிற்றை அவிழ்த்தாள். 'வாடி செவ்வந்தி, இவுங்க ஊடு கச்சேரி ஊடாயிருச்சு, நமக்கெல்லாம் இனிமே எடமில்ல' என்று என் காதுபடச் சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெக்கரியா வந்தான். மாமி ஆம்ப்ளிஃபயரைப் போட்டாள். விஸ்வா, அதற்கு முன்னாடி கேட்டதெல்லாம் தாலாட்டு. அன்றைக்கு எழும்பின 'ங்ங்ங்'கில் சுவரிலிருந்த என் அப்பா படம் கோணிக்கொண்டது. நெல்லூர் அரிசி மூட்டை ஏற்றின கூட்ஸ் வண்டி கூடத்துக்குள் வந்து நின்றாற்போல் இருந்தது. நீ ஒரு தடவை சொல்லியிருந்தாய், கேபிள் சொருகும் இடத்து உலோக வளையத்தைத் தொட்டால் சத்தம் குறைகிறதா பாருங்கள் என்று. நான் பாய்ந்து அதில் விரலை வைத்தேன். சத்தம் பாதியாய்க் குறைந்தது.

'கைய எடுங்க சார்' என்றான் ஜெக்கரியா. எடுத்தேன். 'ங்ங்ங்.' 'வைங்க.' வைத்தேன். அடங்கிற்று. 'எடுங்க.' 'ங்ங்ங்.' 'அப்ப மேடையில சாரும் பக்கத்துல குந்தி விரல வச்சிக்கிட்டே இருக்கணுமா டீச்சர்?' என்றான். 'அதனால என்ன, நோட்டீஸ்ல விரல் நாணுன்னு என் பேரையும் போட்டுடு' என்றேன். நான் சொன்னதுக்கு யாரும் சிரிக்கவில்லை. மாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'கோச்சுக்காதீங்க டீச்சர்' என்றான் அவன். 'உங்க கையில குத்தமில்ல. ஆனா இந்த ரீங்காரத்தோட மேடை ஏத்தினா சனம் உங்களத்தான் சிரிக்கும். அடுத்த வருசம் பாத்துக்கலாமே.' அடுத்த வருஷம் என்று சொல்வது அவனுக்கு லேசு. மாமிக்கு அடுத்த வருஷம் விரல் மடங்குமோ மடங்காதோ, யாருக்குத் தெரியும்? இப்போதே காலையில் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டுதான் உட்காருகிறாள். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? 'ஒரே ஒரு தடவை முழுசா வாசிச்சுடறேன்ப்பா, கேட்டுட்டுப் போ' என்றாள். என்னைப் பார்த்து, 'நீங்க விரலை எடுங்கோ' என்றாள். எடுத்தேன். அந்த இரைச்சலுக்கு நடுவே வாசிக்க ஆரம்பித்தாள்.

நான் அங்கே நிற்க முடியாமல் கொல்லைப்பக்கம் போனேன். அங்கே தங்கம்மாள் செவ்வந்தியைப் பழைய இடத்திலேயே கட்டிக்கொண்டிருந்தாள். 'என்ன திட்டினாலும் திட்டிக்குங்க சார், புது எடத்துல கட்டினதுலேருந்து இது ஒண்ணுக்கே போகல, அடக்கிக்கிட்டு நின்னு கத்துது, பழகின எடந்தான் கேக்குது' என்றாள். அவள் சொல்லி வாயை மூடவில்லை, செவ்வந்தி காலை அகட்டிற்று. விஸ்வா, மேட்டூர் திறக்கவில்லை என்று செல்லதுரை சொன்னாரே, அன்றைக்கு எங்கள் கொல்லையில் திறந்தது. வெண்ணாற்றில் நுரை பொங்கி வருகிறதே, அப்படி. நான் வேஷ்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படியேறிவிட்டேன். வெடித்துக்கிடந்த மண் கபக் கபக் என்று குடித்தது. உள்ளே அந்த 'ங்ங்ங்' கொஞ்சங் கொஞ்சமாய் இளைத்து, ஒரு கொசு அளவாகி, அதுவும் போய்விட்டது.

பாட்டு மட்டும் கேட்டது. மாமி நிறுத்தாமல் கடைசி வரைக்கும் வாசித்தாள். முடித்ததும் கிட்டாரை ஜெக்கரியா மடியில் போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடிவந்தாள். 'இப்போ இங்கே என்ன நடந்தது?' என்றாள். கன்று பெய்தது என்று எப்படிச் சொல்வது? கையைக் காட்டினேன். அவள் கன்றைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், கயிறு கட்டியிருந்த இரும்புக் குழாயைப் பார்த்தாள், குழாயிலிருந்து சுவரோடு ஏறுகிற பச்சை ஒயரைப் பார்த்தாள். தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே துளசிமாடத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

அது வீட்டு எர்த் பைப்! ஜெக்கரியாவைக் கூப்பிட்டு நிற்கவைத்துப் பாடம் நடத்திவிட்டாள். வீட்டில் வேண்டாத கரண்டெல்லாம் அந்தக் குழாய் வழியாக மண்ணுக்குப் போகவேண்டும். மண் ஈரமாக இருந்தால்தான் போகும். கோடையில் காய்ந்து கட்டியாகிவிட்டதால் போக வழியில்லாமல் ஆம்ப்ளிஃபயரில் வந்து முனகியிருக்கிறது. கன்று கயிற்றை இழுக்க இழுக்க ஒயரின் பிடி தளர்ந்து அந்தக் 'கர்ர்ர் கரக்'. கன்று பெய்தால் மண் நனையும், அதில் உப்பும் சேரும், சத்தம் நிற்கும். காய்ந்தால் மறுபடியும் வரும். 'ஜெக்கரியா, ஈரமண் மின்சாரத்தைக் கடத்துமா கடத்தாதா?' என்றாள். 'கடத்தும் டீச்சர்.' 'பரீட்சையில என்ன எழுதினே?' அவன் வேப்பமரத்தைப் பார்த்தான். பிறகு துருவைச் சுரண்டி ஒயரை முறுக்கிக் கட்டி, உப்பும் கரியும் கொட்டி, குடங்குடமாய்த் தண்ணீர் ஊற்றினோம். சுமந்தது நான். கிட்டார் இப்போது வாயைத் திறப்பதில்லை, மாமி தொட்டாலொழிய.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் குழாயில் கன்றை முதன்முதலில் கட்டினது யார்? தங்கம்மாளின் போனில் போட்டோ இருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று பட்டு வேஷ்டி கட்டிக்கொண்டு, 'மண்ணின் மைந்தன்' முகத்தோடு, செவ்வந்தி கழுத்தில் கை போட்டுக்கொண்டு, கயிற்றை எர்த் பைப்பில் சுருக்குப் போட்டு நிற்கிற அந்த இன்ஜினீயர் யார்? உன்னோடு பெங்களூரில் படித்தவர்களுக்கெல்லாம் அதை அனுப்பியிருக்கிறாய், எத்தனை பேர் லைக் போட்டார்களோ. அதற்கப்புறம் செவ்வந்திக்கு அந்த இடம் பழகிப்போயிற்று. எலெக்ட்ரானிக்ஸ் படித்த நீ குழாயில் கன்றையும் கட்டி, கிட்டாரையும் கொடுத்து, போனில் வைத்தியமும் சொல்லியிருக்கிறாய்! உன்னை நம்பி என் வேஷ்டி போயிற்று, பட்டுக்கோட்டை பஸ்ஸில் என் முழங்கால் போயிற்று, செல்லதுரையின் சிநேகம் போயிற்று. இந்தக் கடிதம் கண்டவுடன் வந்து உன் கிட்டாரையும் ஆம்ப்ளிஃபயரையும் எடுத்துக்கொண்டு போய்விடு. இல்லாவிட்டால் அதை எர்த் பைப் பக்கத்திலேயே குழிதோண்டிப் புதைப்பேன். உன் மாமனும் இல்லை நான், என் மருமானும் இல்லை நீ.

இருந்தாலும் வேளாவேளைக்குச் சாப்பிடு. கழுத்தைக் குனிந்து போனையே பார்த்துக்கொண்டிராதே. உன் அம்மாவிடம் நான் கோபமாக இருக்கிறேன் என்று சொல்லிவை. தீர்க்காயுசாய் இரு.

இப்படிக்கு,
கோபம் தணியாத உன் மாமா,
நாணு

பின்குறிப்பு: கடிதத்தை மாமி வாங்கிப் படித்துவிட்டாள். அவள் உத்தரவுப்படி சில திருத்தங்கள். கிட்டாரை எடுத்துப்போக வராதே. திருவிழாவுக்கு வா. ஜெக்கரியா அடித்த நோட்டீஸில் 'கிட்டார்: சரசா டீச்சர்' என்று மாமி பெயர் இருக்கிறது, ஒன்றை மடித்து உள்ளே வைத்திருக்கிறேன், வேறு எட்டுப் பேருக்கும் அனுப்பியிருக்கிறேன். மன்னார்குடி வண்டும் திருப்பனந்தாள் நாதஸ்வரமும் நான் பெற்ற பிள்ளைகள். அப்பா படம் கல்யாணமான நாளிலிருந்தே கோணல்தான். செல்லதுரையோடு எனக்குச் சண்டையே கிடையாது. எதிரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு, 'மேடைக்குப் பின்னால ஜெனரேட்டருக்கு எர்த்து சரியில்லன்னா செவ்வந்திய ஓட்டியாரட்டுமா சார்' என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். உன் மேல் கோபம் என்று எழுதினதும் பேனாவின் வேகத்தில் வந்தது. கன்று பெய்ததும் சத்தம் நின்றது, மாமி நிறுத்தாமல் வாசித்தாள் என்று நடுவில் ஒரு இடம் வருகிறதே, அந்தக் கொஞ்சம் மட்டும் நிஜம்.